சர்வீஸ் ரிப்போர்ட்டில் வராத பெயர்

1. போன் மேஜை

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி. வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் ஆடிட்டர் ஆபீஸ்களும் வைத்திருந்த கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் வருட ஒப்பந்தத்தில் பராமரிப்பது எங்கள் தொழில். எங்காவது ஒரு மிஷின் நின்றால் போன் வரும். அதற்கு 'கால்' என்று பெயர். எஞ்சினியர் ஒருவர் டூல் கிட்டோடு போய்ச் சரிசெய்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கி வருவார்.

என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் 'கஸ்டமர் சப்போர்ட் எஞ்சினியர்' என்றுதான் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்திருந்தேன். ஆனால் முதல் நாள் காலை சர்வீஸ் மேனேஜர் ரங்கநாதன் சார் என்னை உட்கார வைத்தது போன் மேஜையில்.

"இப்போதைக்கு வர கால் எல்லாம் நீ நோட்டுல எழுதிண்டு வா. வெயில்ல அலையறதை ஆம்பளப் பசங்க பாத்துப்பா. மானிட்டரத் தூக்கிண்டு பஸ்ல ஏறுவியா நீ?"

"ஏறுவேன் சார்."

சிரித்தார். "ஏறுவே. உங்காத்துல என்னைன்னா கேப்பா?"

அவர் வீடு மயிலாப்பூர். எங்கள் வீடு மந்தைவெளி. இரண்டு வீட்டிலும் பேசிய தமிழ் ஒன்றுதான். அவர் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் எளிதாக ஒரு வில்லனைக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

அன்று பதினொரு மணி வாக்கில் பாத்ரூம் எங்கே என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். அந்த மாடியில் இருந்தது ஒரே ஒரு டாய்லெட். எஞ்சினியர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாரைக் கேட்பது?

"இன்னா மேடம், பாத்ரூமா?" பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "அங்க போவாதீங்க. தாப்பா இல்ல. என்கூட வாங்க."

அவள்தான் கஸ்தூரி. அந்த சர்வீஸ் டிபார்ட்மெண்டில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண். இரண்டாவது மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அதை நடத்திய அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சாவியைக் கொடுத்தார்.

"பதினோரு மணிக்கு ஒருவாட்டி, மூணு மணிக்கு ஒருவாட்டி. அதுக்கு மேல கேட்டா அந்தம்மா திட்டும்" என்றாள் கஸ்தூரி படியிறங்கும்போது. "தண்ணி கம்மியா குடிங்க மேடம். நான் நாலு வருசமா அப்படித்தான் ஓட்டிக்கினு கீறேன்."

2. பெஞ்ச்

கஸ்தூரிக்கு வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றோரம் இருந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில். அப்பா பெயிண்டர். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். இவள் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு பெஞ்ச் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தாள். பெஞ்ச் என்பது ஆபீஸின் கடைசியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போட்டிருந்த நீள மேஜை. எஞ்சினியர்கள் வெளியிலிருந்து கழற்றிக்கொண்டு வரும் பழுதான சர்க்யூட் போர்டுகள் அங்கேதான் போய்ச் சேரும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஒரு பழைய ஆஸிலாஸ்கோப்பும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். புதிய போர்டு எளிதில் கிடைக்காத காலம். பழையதை ஒவ்வொரு பாகமாகச் சோதித்துச் சரிசெய்துதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் பேச்சில் 'சிப் லெவல்'.

அவளுக்கு என்னைவிட நான்கு வயது அதிகம். இருந்தும் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள். பேரைச் சொல்லிக் கூப்பிடு என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எட்டு மாதம் போன் மேஜையில் ஓடியது. மழைக்காலத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் காய்ச்சலில் படுத்தபோதுதான் ரங்கநாதன் சார் வேறு வழியில்லாமல் என்னை முதல் காலுக்கு அனுப்பினார். மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளை. பாஸ்புக் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நின்றுபோயிருந்தது. கவுண்டரில் பெரிய வரிசை.

அந்த ஆபீசர் என் தலைக்கு மேலே வாசலை எட்டிப் பார்த்தார். "எஞ்சினியர் கீழ வண்டி நிறுத்தறாரா?"

"நான்தான் சார் எஞ்சினியர்."

"ஓ." வரிசையைப் பார்த்தார். "இல்லம்மா, தப்பா நினைச்சுக்காதே, அர்ஜெண்ட் வேலை. ஆபீசுக்கு ஒரு போன் போட்டு வேற யாராவது வராளான்னு கேளேன்."

கேட்காமல் பிரிண்டரைத் திறந்தேன். கவுண்டரில் நின்றவர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். பிரிண்டரை இயக்கும் லாஜிக் கார்டு போயிருந்தது. கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். கஸ்தூரி அதை வாங்கி, எந்தப் பாகம் கருகியிருக்கிறது என்று ஒரு தடவை மோந்து பார்த்தாள். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. திரும்பப் போய் மாட்டினேன். பிரிண்டர் ஓடியது. ஆபீசர் டீ வரவழைத்தார்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில், போய்ப் பார்த்தவர் பெயருக்கு 'அட்டெண்டெட் பை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரை எழுதினேன். பெஞ்சில் உட்கார்ந்து செய்த வேலைக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அது என் தவறல்ல. ஃபார்ம் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். அடுத்த இரண்டு வருடம் நானும் அவளும் அப்படித்தான் வேலை செய்தோம். போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்புவாள். நான் பார்த்து வந்து சொல்வேன். அவள் சரிசெய்வாள். நான் கையெழுத்துப் போடுவேன். 'மைதிலி கெட்டிக்காரி' என்று எனக்குப் பெயர் வந்தது. நான் மறுக்கவில்லை.

3. ஆஸ்பத்திரி செர்வர்

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி எங்கள் பெரிய கஸ்டமர். நோயாளிகளின் விவரம், லேப் ரிப்போர்ட் எல்லாம் ஒரே யூனிக்ஸ் செர்வரில் இருந்தன. அது ஒரு வாரமாக தினமும் நாலைந்து முறை நின்றது. சீனியர் எஞ்சினியர் பாஸ்கரும் வேறு இரண்டு பேரும் போய் மெமரியை மாற்றினார்கள், ஹார்ட் டிஸ்கை மாற்றினார்கள். ஆன் செய்து கால் மணி நேரம் பார்ப்பார்கள். ஓடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்கள் தி. நகர் வந்து சேர்வதற்குள் அடுத்த கால் வந்துவிடும்.

லேபில் எல்லாவற்றையும் கையால் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஒருவருடைய ரத்தப் பரிசோதனை இன்னொருவருடைய ஃபைலில் போய்விட்டது. நல்லவேளையாக டாக்டர் ஒருவர் கவனித்துவிட்டார். ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி போனில் கத்தினார். ஒப்பந்தத்தை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார். அன்று பாஸ்கர் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால், அவர் வரும்வரை அங்கே போய் உட்கார்ந்திரு என்று என்னை அனுப்பினார்கள். உட்கார்ந்திரு என்றுதான் சொன்னார்கள். சரிசெய் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கஸ்தூரிக்கு போன் செய்தேன்.

"எப்ப நிக்குது?"

"எப்பவாவது நிக்கறது கஸ்தூரி. ஒரு கணக்கே இல்ல."

"எப்பவாவதுன்னு ஒண்ணு கெடையாது மேடம். ஆன் பண்ணதுலேர்ந்து எவ்ளோ நேரத்துல நிக்குது? வாச்சப் பாத்து எழுதுங்க."

எழுதினேன். முதல் தடவை முப்பத்தெட்டு நிமிடம். ஆறவிட்டு மறுபடி ஆன் செய்தேன். நாற்பத்தொன்று. அடுத்தது நாற்பது.

"சூடு ஏறுனா பிரியுது" என்றாள். "எங்கியோ டிரை சால்டர் கீது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். நான் வந்து பாக்கணும்."

பெஞ்ச் ஆட்கள் கஸ்டமர் இடத்துக்குப் போகக்கூடாது என்பது விதி. ரங்கநாதன் சார் வெளியே போயிருந்தார். கிளம்பி வா என்று நானே சொல்லிவிட்டேன். துணிப்பையில் சால்டரிங் அயர்னைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அரை மணி நேரமாக ஆளைக் காணோமே என்று கீழே இறங்கிப் போனேன். வாட்ச்மேன் அவளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

"க்ளீனிங் ஆளுங்களுக்குப் பின்பக்கம் வழி. எத்தினி வாட்டி சொல்றது?"

"அவங்க எங்க எஞ்சினியர்" என்றேன்.

"வுடுங்க மேடம்" என்றாள் கஸ்தூரி. "மிஷின் எங்க?"

செர்வரைத் திறந்து வைத்து ஓடவிட்டாள். முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நேரம் நெருங்கியதும் ஒரு பிரஷ்ஷின் மரப்பிடியால் மதர்போர்டை அங்கங்கே மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் தட்டியதும் ஸ்கிரீன் அணைந்தது. பவர் வந்து சேரும் கனெக்டரின் கம்பிக்கால் ஒன்று அங்கே விட்டிருந்தது. அணைத்து, கழற்றி, அந்த ஒரு கம்பிக்காலுக்கு சால்டர் வைத்தாள். ஐந்து நிமிட வேலை. அதன் பிறகும் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தாள். அது நிற்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் குறைக்காக ஒரு கால்கூட வரவில்லை.

ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. திங்கள்கிழமை ரெவ்யூ மீட்டிங்கில் எம்.டி. அதை வாசித்தார். 'உங்கள் எஞ்சினியர் செல்வி மைதிலி' என்று தொடங்கியது கடிதம். எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்கர்கூடத் தட்டினார். நான் எழுந்து நின்று "தேங்க் யூ சார்" என்றேன். பெஞ்ச் ஆட்களை ரெவ்யூ மீட்டிங்குக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது தெரிந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். "கை தட்டுனாங்களே, எதுக்கு?"

"ஆஸ்பத்திரி லெட்டர்."

"என் பேரு சொன்னீங்களா?"

"எம்.டி. அவசரமா படிச்சுட்டுக் கிளம்பிட்டார். சந்தர்ப்பம் கிடைக்கல."

"ம்" என்றாள். டிபன் டப்பாவை மூடினாள்.

4. ஒரே ஒரு சீட்

அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பெங்களூரில் செர்வர் தயாரிக்கும் கம்பெனி ஆறு வாரம் பயிற்சி தருகிறது. எங்களுக்கு ஒரு இடம். முடித்து வருபவர் சிஸ்டம் எஞ்சினியர். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கலாம். டிகிரி வேண்டும் என்று அதில் இல்லை. கஸ்தூரி அதை இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் ஒரு நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். "தப்பு இருந்தா திருத்துங்க மேடம்." இருந்தது. திருத்தினேன். டைப் செய்தும் கொடுத்தேன். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்களே குடுத்துருங்க" என்றாள். "நான் குடுத்தா டேபிள் மேல வச்சிட்டு மறந்துருவாரு. நீங்க குடுத்தா படிப்பாரு."

வெள்ளிக்கிழமை நான் கொடுக்கப் போவதற்கு முன்னால் ரங்கநாதன் சாரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவள் மனுவை ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"உக்காரு. பெங்களூருக்கு யாரை அனுப்பறதுன்னு எம்.டி.கிட்டப் பேசிண்டிருந்தேன். அந்த லெட்டர் அவர் மனசுல நின்னுடுத்து. உன் பேரைச் சொல்றார்."

"சார், பெஞ்ச்லேருந்து யாராவது..."

"கஸ்தூரியா? நல்ல கை. இல்லேங்கலை. ஆனா நாளைக்கு ஒரு பேங்க் ஜெனரல் மேனேஜர் முன்னாடி போய் 'இன்னா கீது'ன்னு நின்னாள்னா நம்ம கம்பெனி மானம் என்னாறது? அவ போயிட்டா பெஞ்சை யார் பாத்துப்பா?" குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு லேடீஸ அனுப்பறதுக்கே நான் வாதாடியிருக்கேன். உனக்கு வேண்டாம்னா பாஸ்கர் போவான். யோசிக்கறதுக்கு எல்லாம் நேரமில்ல. சொல்லு."

ஃபைல் என் மடியில்தான் இருந்தது. நான் மறுத்தால் சீட் கஸ்தூரிக்குப் போகாது, பாஸ்கருக்குப் போகும். ஒரு பெண்ணாவது போகட்டுமே என்று அந்த நிமிடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எனக்கு அந்தப் பயிற்சி வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

"போறேன் சார்" என்றேன். ஃபைலைத் திறக்காமலேயே எழுந்து வந்தேன்.

சாயங்காலம் கஸ்தூரி படிக்கட்டில் காத்திருந்தாள். "குடுத்தீங்களா மேடம்?"

"குடுத்தேன்."

"இன்னா சொன்னாரு?"

"பாக்கறேன்னார்."

ஆர்டர் வந்த அன்று அவளே என் மேஜைக்கு வந்தாள். "உங்களுக்கு வந்துச்சாமே. சந்தோசம் மேடம்." உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு கேட்டாள்: "என் பேப்பரப் படிச்சாராமா?"

"படிச்சார். டிகிரி வேணும்னு சொல்லிட்டார்."

"அப்போ போர்டுல அத எழுதிருக்கலாம்ல" என்றாள் கஸ்தூரி.

5. கோட்டூர்புரம்

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடந்ததை பாஸ்கர்தான் சொன்னார். நான் பெங்களூர் போன மூன்றாவது வாரம் கஸ்தூரி மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறாள். அடுத்த வருடப் பயிற்சிக்கு டிகிரி விஷயத்தில் தனக்கு விலக்கு தர முடியுமா, ஏழு வருட அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறாள். ரங்கநாதன் சார் ஆச்சரியப்பட்டாராம். "டிகிரியா? யார் சொன்னா? நீ அப்ளையே பண்ணலையேம்மா" என்றாராம். அவள் வெளியே வந்துவிட்டாளாம். அந்தச் சனிக்கிழமை ராஜினாமா.

ரங்கநாதன் சாருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. "நன்னாத்தானே இருந்தா. இவாளெல்லாம் ஒரு இடத்துல நிலையா இருக்க மாட்டா" என்று என்னிடமே வருத்தப்பட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் போனேன். பிளாக் நம்பர் தெரியாது. குழாயடியில் விசாரித்தேன். குடத்தோடு நின்றிருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் கஸ்தூரியின் தாய்.

"ஆபீஸ்லேர்ந்தா வர்ற? வேலைய வுட்டுட்டு வந்து ஒரு வாரம் பாய்ல சுருண்டு கெடந்துச்சு. இன்னாடின்னு கேட்டா வாயே தொறக்கல. இன்னா நடந்துச்சும்மா அங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கஸ்தூரி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஆற்றுப் பக்கத்துச் சுவரோரம் நின்று பேசினோம். கொட்டிவாக்கம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் சேர்ந்திருந்தாள். பெல்ட்டில் போர்டு நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கெப்பாசிட்டரைச் சொருக வேண்டும். நாள் முழுக்க அதே. அந்த வரிசையில் அறுபது பெண்கள் என்றாள்.

"நீ அங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல கஸ்தூரி. நான் ரங்கநாதன் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். திரும்பி வா."

"இன்னான்னு சொல்லுவ?" என்றாள். 'மேடம்' என்பது போய்விட்டிருந்தது. "பேப்பர ஒளிச்சி வச்சிட்டேன்னா?"

"அன்னிக்கு வேற வழி தெரியல. நான் வேண்டாம்னு சொன்னா பாஸ்கருக்குப் போயிருக்கும். உனக்கு வந்திருக்காது."

"தெரியும். எனக்குத் தெரியாதா? எனக்குக் குடுக்க மாட்டானுங்கன்னு தெரிஞ்சிதான் எழுதுனேன். நீ போனது தப்புன்னு நான் சொல்லவே இல்ல மைதிலி." அவள் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "வெளிய வந்து, 'குடுக்கல, அவரு உன்ன வேணாம்னுட்டாரு'ன்னு சொல்லிருக்கலாம்ல? அப்பவே நான் உள்ள போய் நேரா கேட்டிருப்பேன். ஏன் வேணாம்னு அவரு என் மூஞ்சப் பாத்து சொல்லிருக்கணும். அதக்கூட எனக்கு இல்லாம பண்ணிட்ட. டிகிரின்னு நீயா ஒண்ணு கட்டிவுட்ட, அதுக்கு விலக்கு குடுங்கன்னு நான் போய் பிச்ச கேட்டுக்கினு நின்னேன். அவரு என்ன லூசப் பாக்குற மாதிரி பாக்குறாரு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அழாத. எங்கம்மா பாக்குது" என்றாள். "போய்ட்டு வா. அந்த வேலய ஒழுங்கா கத்துக்கினு வந்தியா?"

தலையாட்டினேன். அவள் படியேறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு முறை போனேன். ஒரு முறை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். இன்னொரு முறை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்குத் திருவள்ளூர் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள்.

6. அதற்குப் பிறகு

சிஸ்டம் எஞ்சினியராக நான்கு வருடம் இருந்தேன். நல்ல பெயர்தான். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. குழந்தை உண்டானதும் ரங்கநாதன் சார், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று செர்வர் கால்களிலிருந்து என்னை எடுத்து டாகுமெண்டேஷனில் போட்டார். பிரசவ விடுப்பு முடிந்து வந்த பிறகும் திருப்பிப் போடவில்லை. கேட்டேன். பார்க்கலாம் என்றார். என் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச அந்த மாடியில் வேறு பெண்ணே இல்லை. இரண்டு பேராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே மேனுவல்களுக்கு அட்டை போட்டேன்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், இரண்டாயிரம் பிறக்கும்போது பழைய மிஷின்களெல்லாம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த சமயம். சோதனை வேலைக்கு நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாஸ்கர் அப்போது மேனேஜர். இண்டர்வியூவில் அவர் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தார். பெண்கள் வந்தால் பேனலில் ஒரு பெண் இருப்பது நல்லது என்றார்.

பெசன்ட் நகர் குப்பத்திலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்தாள். டிப்ளமா. ஆங்கிலம் தடுக்கியது. ஆனால் கேட்ட கேள்விகளில் தவறாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பாஸ்கர் பேப்பரைத் தள்ளி வைத்தார்.

"கம்யூனிகேஷன் சரியில்ல. கல்யாண வயசு வேற. லெட்டர் போடறோம்னு சொல்லி அனுப்பிடுங்க."

வாதாடினேன். இரண்டு பையன்கள் இவளைவிட மோசமாகச் சொன்னதைத் தேதியோடு, கேள்வியோடு எடுத்துக் காட்டினேன். "ஃபைனல் டிசிஷன் என்னோடது மேடம்" என்றார். தோற்றுப்போனேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெளியே வந்தேன். தாழ்வாரத்து நாற்காலியில் சர்ட்டிஃபிகேட் கவரை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். லெட்டர் வரும் என்று சொல்வது மிகவும் சுலபம். சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"உன்னை எடுக்கலம்மா" என்றேன். "பதிலெல்லாம் சரியாத்தான் சொன்ன. பேச்சு சரியில்ல, கல்யாண வயசுன்னு காரணம் சொல்றாங்க. நான் பேசிப் பாத்தேன், கேக்கல. இப்போ அந்த ரூம்ல அவர் தனியாத்தான் இருக்கார். நீயே போய்க் கேக்கணும்னா கேக்கலாம்."

அவள் முகம் சுருங்கியது. என்னையே பார்த்தாள். நான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு எழுந்தாள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பத்து நிமிடம் இருக்கும். பாஸ்கரின் குரல் உயர்ந்தது. அவள் குரல் கேட்கவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"முடியாதுன்ட்டாரு மேடம்."

"தெரியும்மா."

"என்னால இன்னின்னது செய்ய முடியும்னு சொன்னேன். அதுக்குத்தான் கத்துனாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேற எங்கயாவது எடுப்பாங்களா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அவளுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. என்னை அதன் பிறகு இண்டர்வியூ பேனலில் உட்கார வைக்கவில்லை. அந்த வருடம் எடுத்த பதினொரு பேரும் ஆண்கள்.

முப்பது வருட வேலையில் நான் நிறைய மிஷின்களைச் சரிசெய்திருக்கிறேன், நிறையப் பேருக்கு வேலை கற்றுக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதச் சொன்ன, பத்திரிகை நடத்தும் தம்பி, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு பாடம் சொல்லுங்கள் என்று கேட்டார். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஒருவருக்காகப் பேசுவதாக ஏற்றுக்கொண்டு ஓர் அறைக்குள் போனால், வெளியே வந்ததும் உள்ளே நடந்ததை அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் அதையும் சொல்லுங்கள். அவர் உங்களை மன்னிக்காமல் போகலாம். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.